111 தோல்விகள்: ஓர் இளம் பேஸ்பால் அணி ஆண்டு முழுக்க ஏன் தோற்கிறது?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஓர் அணி ஒரு சீசனுக்கு 162 ஆட்டம் ஆட வேண்டும். 2013-ல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி அதில் 51 வென்று 111 தோற்றது. முந்தைய ஆண்டு 107 தோல்வி. அதற்கும் முந்தைய ஆண்டு 106. இத்தனைக்கும் 1962-ல் தொடங்கிய அந்த அணி, 2011 வரை ஒரு சீசனில்கூட நூறு ஆட்டம் தோற்றதில்லை. அப்புறம் மூன்று வருடம் வரிசையாகத் தோற்றது. ஆனாலும் 2011 சீசன் முடிந்தபின் அணியை நடத்த வந்த ஜெனரல் மேனேஜர் ஜெஃப் லூனோவின் வேலை போகவில்லை. எல்லாம் திட்டப்படிதான் நடக்கிறது என்ற தோரணையில்தான் நிர்வாகம் இருந்தது.

அந்தத் திட்டத்தைத்தான் அங்கே 'ரீபில்ட்' என்கிறார்கள். பழைய அணியைக் கலைத்துவிட்டு இளைஞர்களை வைத்துப் புதிதாகக் கட்டுவது. பிடிக்காதவர்கள் 'டாங்கிங்' என்பார்கள், அதாவது தெரிந்தே மூழ்குவது. இது எப்படி வேலை செய்கிறது, எங்கே வேலை செய்யாமல் போகிறது என்று பார்க்க 2013 ஆஸ்ட்ரோஸைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. பேஸ்பால் தெரியாதவர்களும் படிக்கலாம். விதிகள் அதிகம் தேவைப்படாது.

முதலில் அந்த எண்ணைப் பழகிக்கொள்வோம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு 111 தோல்வி என்றால் தலை சுற்றும். ஆனால் பேஸ்பாலில் எல்லோருமே நிறையத் தோற்பார்கள். அதே 2013-ல் வேர்ல்ட் சீரிஸ் வென்று சாம்பியன் ஆன பாஸ்டன் ரெட் சாக்ஸ் சீசனில் 65 ஆட்டம் தோற்றிருந்தது. ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை ஏறக்குறைய தினமும் ஆட்டம். நல்ல அணிக்கும் பெரும்பாலும் ஐந்துக்கு இரண்டு போகும். எவ்வளவு மோசமான அணியும் ஏறக்குறைய நான்குக்கு ஒன்றாவது ஜெயித்துவிடும். ஆஸ்ட்ரோஸ் அந்த ஆண்டு மொத்தம் 610 ரன் எடுத்து 848 ரன் விட்டது. ஓர் ஆட்டத்துக்குக் கணக்குப் போட்டால் வித்தியாசம் ஒன்றரை ரன்தான். தினமும் ஒன்றரை ரன் பின்தங்கினால் ஆண்டு முடிவில் முதலிடத்துக்கும் உங்களுக்கும் 45 ஆட்ட இடைவெளி வந்துவிடும். அடித்து நொறுக்கப்படுவதால் அல்ல, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்குவதால்தான் 111 வருகிறது.

இளைஞர்கள் ஏன் மலிவு?

ஐபிஎல் ஏலத்தில் எல்லா அணிகளுக்கும் ஒரே அளவு பணம். பேஸ்பாலில் அப்படி உச்சவரம்பு இல்லை. எல்லை தாண்டிச் செலவு செய்தால் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். 2013-ல் நியூயார்க் யாங்கீஸின் சம்பளப் பட்டியல் 20 கோடி டாலரைத் தாண்டியது. ஆஸ்ட்ரோஸுக்குச் சுமார் இரண்டரைக் கோடி. யாங்கீஸின் அலெக்ஸ் ராட்ரிகஸ் என்ற ஒரே ஆட்டக்காரரின் அந்த ஆண்டு ஒப்பந்தச் சம்பளம் 2.8 கோடி. ஹூஸ்டனில் ஒரு முழு அணிக்குக் கொடுத்ததைவிட நியூயார்க்கில் ஒரு ஆளுக்குக் கொடுத்தது அதிகம் என்று அப்போது எழுதாத பத்திரிகை இல்லை.

இவ்வளவு குறைவாக ஓர் அணியை நடத்த முடிவதற்குக் காரணம் சம்பள விதிகள். ஒரு வீரர் மேஜர் லீகுக்கு வந்தால் முதல் மூன்று ஆண்டு ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம்தான். 2013-ல் அது 4,90,000 டாலர். அடுத்த மூன்று ஆண்டு, ஒத்துவராவிட்டால் மத்தியஸ்தரிடம் போய்ச் சம்பளம் கேட்கலாம். ஆறு ஆண்டு முடிந்த பிறகுதான் எந்த அணிக்கு வேண்டுமானாலும் போகும் சுதந்திரம். ஆக, 22 வயதில் நுழைபவர் தன் உடம்பு நன்றாக இருக்கும் காலத்தின் பெரும்பகுதியை ஒரே அணிக்கு மலிவாகக் கொடுத்துவிடுகிறார். நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் ரீபில்ட் என்ற யோசனையே இந்த விதியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

அதனால் தோற்கும் அணி முதலில் செய்யும் காரியம், கைவசம் இருக்கும் அனுபவசாலிகளை விற்பது. ஹூஸ்டன் 2011-ல் ஹண்டர் பென்ஸையும் மைக்கேல் போர்னையும் விற்றது. 2012-ல் கார்லோஸ் லீ, வாண்டி ராட்ரிகஸ், பிரெட் மையர்ஸ். 2013 நடுவில் பட் நாரிஸ். பதிலுக்குப் பணம் பிரதானம் இல்லை. எதிரணியின் மைனர் லீகில் வளரும் பத்தொன்பது, இருபது வயதுப் பையன்களை வாங்கிக்கொள்வார்கள். மைனர் லீக் என்பது இந்த விளையாட்டின் நாற்றங்கால். ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே பல படிகளில் சிறிய அணிகள் இருக்கும். அங்கே வளர்ந்து, தேறி, மேலே வர வேண்டும். பெரும்பாலானவர்கள் வந்து சேர்வதே இல்லை.

இரண்டாவது சமாச்சாரம் டிராஃப்ட். ஆண்டுதோறும் பள்ளி, கல்லூரியிலிருந்து வரும் புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். அப்போதைய விதிப்படி, போன ஆண்டு கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. பலவீனமானவரைத் தூக்கிவிடத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் அதற்கு மறுபக்கம் உண்டு. எப்படியும் பிளேஆஃப் போகப்போவதில்லை என்றால், 75 ஆட்டம் வெல்வதைவிட 51 வெல்வது லாபம். இங்கிலாந்துக் கால்பந்தில் கடைசி இடங்களுக்கு வந்தால் கீழ் டிவிஷனுக்குத் தள்ளிவிடுவார்கள். அமெரிக்காவில் அந்தப் பயம் இல்லை. எத்தனை தோற்றாலும் அடுத்த ஆண்டு அதே லீக், அதே தொலைக்காட்சிப் பங்குத் தொகை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது மேட்ச் ஃபிக்ஸிங் இல்லை. களத்தில் நிற்கும் யாரும் தோற்க முயல்வதில்லை. அவருக்கு அது வாழ்நாள் வாய்ப்பு. இன்றைக்குச் சொதப்பினால் நாளைக்கு மைனர் லீகுக்குப் பேருந்து ஏற வேண்டும். தோல்விக்கான முடிவு எடுக்கப்படுவது மேலே, அலுவலகத்தில், அணியைத் தேர்ந்தெடுக்கும்போதே.

அந்த ஆண்டு களத்தில் எப்படி இருந்தது

வேடிக்கை என்னவென்றால், சீசனை ஆஸ்ட்ரோஸ் வெற்றியோடுதான் தொடங்கியது. மார்ச் 31 அன்று டெக்சஸ் ரேஞ்சர்ஸை 8-2 என்று வென்றார்கள். அந்த ஆண்டுதான் அணி, மேஜர் லீகின் இரு பாதிகளில் ஒன்றான நேஷனல் லீகிலிருந்து மற்றொன்றான அமெரிக்கன் லீகுக்கு மாறியிருந்தது. ஒருநாள் முழுக்க ஹூஸ்டன் தன் பிரிவில் முதலிடம் என்று ரசிகர்கள் கிண்டலாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்த ஆட்டம் ஏப்ரல் 2. ரேஞ்சர்ஸுக்காகப் பந்து வீசியவர் ஜப்பானின் யூ டார்விஷ். ஹூஸ்டனின் முதல் 26 பேட்டர்களையும் வரிசையாக அனுப்பிவைத்தார், 14 பேரை ஸ்டிரைக் அவுட்டில், அதாவது மூன்று ஸ்டிரைக் வாங்கி, பந்தை அடித்து ஆடாமலே அவுட். பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸுக்கு 27 அவுட். ஒருவரைக்கூட, அடித்துவிட்டு ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸுக்கு விடாமல் 27 பேரையும் வீழ்த்தினால் அது 'பெர்ஃபெக்ட் கேம்', நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்றிலேயே சில முறைதான் நடந்திருக்கிறது. இன்னும் ஒரே ஒருவர் பாக்கி. வந்தவர் ஒன்பதாம் இடத்தில் ஆடும் மார்வின் கோன்சாலஸ். முதல் பந்தையே அடித்தார். பந்து டார்விஷின் இரண்டு கால்களுக்கு நடுவே புகுந்து நேராக வெளிக்களத்துக்குப் போனது. ஆட்டம் 7-0 என்று தோல்விதான். ஆனாலும் அந்த ஆண்டு ஆஸ்ட்ரோஸ் ரசிகர்களிடம் மிச்சமிருந்த சில இனிப்புகளில் அந்த ஒற்றை அடியும் ஒன்று.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். அணி மொத்தமாக 1,535 முறை ஸ்டிரைக் அவுட் ஆனது. அதுவரை எந்த அணியும் ஒரு சீசனில் அத்தனை ஆனதில்லை. கிறிஸ் கார்ட்டர் என்ற பலசாலி 29 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார், கூடவே 212 முறை ஸ்டிரைக் அவுட் ஆனார். செப்டம்பரில் ஜொனாதன் வியார் என்ற 22 வயதுப் பையன், ஒரு பேஸுக்கான அடியை இரண்டாக நீட்டப் பார்த்து, இரண்டாம் பேஸுக்குத் தலையை முன்னால் நீட்டிப் பாய்ந்தார். எதிரணியின் பிராண்டன் பிலிப்ஸ் அவருக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். வியாரின் முகம் நேராகப் போய் முட்டியது பிலிப்ஸின் பின்புறத்தில். அவுட். இளம் அணி என்றால் இதுதான்: வேகம் இருக்கும், துணிச்சல் இருக்கும், எப்போது நிற்க வேண்டும் என்ற கணக்கு இருக்காது. அந்தக் கணக்கு பயிற்சியில் வராது, இப்படி முட்டித்தான் வரும்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ஹூஸ்டனில் நீல்சன் தொலைக்காட்சிக் கணிப்பு 0.0 என்று வந்தது. நகரத்தில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை என்று அர்த்தமில்லை. கணக்கெடுக்க வைத்திருந்த மாதிரி வீடுகளில் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு நகரத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கும் ஆட்டம் இருந்தது, ஆஸ்ட்ரோஸ் சேனல் பல வீடுகளில் வரவும் இல்லை. இத்தனை சமாதானம் சொன்ன பிறகும் பூஜ்யம் பூஜ்யம்தான்.

கடைசிப் பதினைந்து ஆட்டமும் தொடர்ந்து தோல்வி. அதில் ஒன்று செப்டம்பர் 28. யாங்கீஸுக்காகப் பந்து வீசியவர் 41 வயது ஆண்டி பெட்டிட், ஹூஸ்டன் பக்கத்து டியர் பார்க்கில் வளர்ந்தவர். 2005-ல் இதே ஆஸ்ட்ரோஸ் முதன்முறையாக வேர்ல்ட் சீரிஸ் போனபோது அந்த அணியில் இருந்தவர். அன்றோடு ஓய்வு என்று அறிவித்திருந்தார். தன் பாதி வயதை ஒட்டிய பையன்களுக்கு எதிராக ஒன்பது இன்னிங்ஸையும் தானே வீசி முடித்து 2-1 என்று வென்றார். ஹூஸ்டன் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தங்கள் அணியைத் தோற்கடித்தவருக்காக.

தோல்வி எதை வாங்கிக் கொடுத்தது?

2017 நவம்பர் 1 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் டாட்ஜர்ஸை ஏழாவது ஆட்டத்தில் வென்று ஆஸ்ட்ரோஸ் முதன்முறையாக வேர்ல்ட் சீரிஸ் கோப்பையைப் பிடித்தது. உடனே எல்லோரும் ஒரே பாடத்தைச் சொன்னார்கள்: மூன்று வருடம் தோற்றால் கோப்பை. எனக்கு அதில் பாதிக்கு மேல் உடன்பாடில்லை. கோப்பை வென்றவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்தால் காரணம் புரியும்.

ஹோசே அல்டூவே 2017-ல் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். வெனிசுவேலாக்காரர், உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். தேர்வு முகாமுக்கு வந்தபோது குள்ளம் என்று முதல் நாள் திருப்பி அனுப்பப்பட்டார். மறுநாள் மறுபடி வந்து நின்றார். 2007-ல் 15,000 டாலருக்கு எடுத்தார்கள். அவர் ஹூஸ்டனுக்கு வந்ததற்கும் தோல்விக்கும் சம்பந்தமே இல்லை. 2009-ல் டிராஃப்டில் வந்த டாலஸ் கைக்கெல், 2011-ல் வந்த ஜார்ஜ் ஸ்பிரிங்கர் இருவரும் அப்படியே. இவர்கள் எல்லாம் 106-வது தோல்விக்கு முன்பே வீட்டுக்குள் இருந்தவர்கள்.

தோல்வி நேரடியாகக் கொடுத்தது கார்லோஸ் கொரேயாவை. 2011 தோல்விக்குப் பரிசாக 2012-ல் முதல் தேர்வு. போர்ட்டோ ரிக்கோவின் 17 வயதுப் பையன். இங்கே லூனோ ஆட்கள் செய்த கணக்கு அழகானது. அந்த ஆண்டு முதல், டிராஃப்டில் ஒவ்வோர் இடத்துக்கும் இவ்வளவு என்று ஒரு தொகை ஒதுக்கப்பட்டது. முதல் இடத்துக்கு 72 லட்சம் டாலர். கொரேயா 48 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டார். மிச்சமான பணத்தை வைத்து, அதிகம் கேட்பார் என்று மற்ற அணிகள் ஒதுங்கிய லான்ஸ் மெக்கல்லர்ஸை 41-வது இடத்தில் 25 லட்சம் கொடுத்து எடுத்தார்கள். ஒரு முதல் இடத்தில் இரண்டு பேர். 2017-ல் வேர்ல்ட் சீரிஸுக்கு முந்தைய சுற்றில் யாங்கீஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தைத் தொடர்ந்து 24 கர்வ் பந்து வீசி முடித்து வைத்தவர் இந்த மெக்கல்லர்ஸ்தான்.

சரி, 2012 தோல்விக்குக் கிடைத்த பரிசு? 2013-லும் முதல் தேர்வு. கல்லூரிப் பிட்சர் (பந்து வீச்சாளர்) மார்க் அப்பெலை எடுத்தார்கள். அவர் ஆஸ்ட்ரோஸுக்காக ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. அவருக்கு அடுத்த இடத்தில் சிகாகோ கப்ஸ் எடுத்த கிறிஸ் பிரையன்ட் 2016-ல் நேஷனல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கி, கப்ஸுக்குக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். அந்த 111 தோல்விக்குப் பரிசு 2014-ன் முதல் தேர்வு, பிரேடி ஐக்கன் என்ற பள்ளிப் பிட்சர். மருத்துவப் பரிசோதனையில் முழங்கைத் தசைநாரில் சந்தேகம் வந்து, அணி தொகையைக் குறைக்க, அவர் கையெழுத்தே போடவில்லை. அதற்கு ஈடாக 2015-ல் இரண்டாவது தேர்வு கிடைத்தது. அதில் வந்தவர் அலெக்ஸ் பிரெக்மன், 2017 வேர்ல்ட் சீரிஸின் ஐந்தாவது ஆட்டத்தைப் பத்தாவது இன்னிங்ஸில் 13-12 என்று முடித்தவர். மூன்று முதல் தேர்வுகளில் ஒன்று பலித்தது, ஒன்று வீண், ஒன்று கைநழுவி அதிர்ஷ்டமாக வேறு வடிவில் திரும்பியது. இதைத் திட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்படியானால் 2013 வீணா? இல்லை. அந்த ஆண்டு வாங்கிக் கொடுத்தது நேரம். கைக்கெல் அந்த சீசனில் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக ஐந்து ரன்னுக்கு மேல் விட்டார். கோப்பைக்குப் போட்டியிடும் எந்த அணியும் அவரைத் தொடர்ந்து ஆட விட்டிருக்காது. ஹூஸ்டனுக்கு இழக்க ஒன்றுமில்லை, ஆட விட்டது. 2015-ல் 20 வெற்றியோடு லீகின் மிகச் சிறந்த பிட்சர் விருது, சை யங், அவருக்கு. 2013-ல் 23 வயது அல்டூவே, அடுத்த ஆண்டே 225 ஹிட் (பேஸுக்குக் கொண்டுசேர்க்கும் அடி) அடித்து லீகில் முதலிடம். இளம் அணியின் தோல்வி சீசனில் பார்க்க வேண்டியது புள்ளிப் பட்டியலை அல்ல, யாருக்கு எத்தனை வாய்ப்பு போகிறது என்பதை. முப்பத்தைந்து வயது ஆளை வைத்து நூறு ஆட்டம் தோற்றால் அது வெறும் தோல்வி.

ஆனால் வாய்ப்பு கொடுப்பதிலும் கண் தவறும். ஜே. டி. மார்ட்டினஸ் என்ற வெளிக்கள ஆட்டக்காரர் 2013-ல் சரியாக ஆடவில்லை. அந்தக் குளிர்காலத்தில் தன் மட்டை வீச்சையே அடியோடு மாற்றிக்கொண்டு வந்து நின்றார். ஆஸ்ட்ரோஸ் அதைச் சரியாகப் பார்க்காமல் 2014 மார்ச்சில் சும்மாவே விட்டுவிட்டது. டெட்ராய்ட் எடுத்துக்கொண்டது. அவர் பிற்பாடு 300-க்கு மேல் ஹோம் ரன் அடித்தார், பாஸ்டனுடன் கோப்பையும் வென்றார்.

ஸ்பிரிங்கர் கதை வேறு மாதிரி. 2013-ல் மைனர் லீகில் 37 ஹோம் ரன், 45 பேஸ் திருட்டு (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது). பெரிய அணி மேலே 111 ஆட்டம் தோற்றுக்கொண்டிருக்க, இவரைக் கூப்பிடவே இல்லை. 2014 ஏப்ரல் நடுவில்தான் இறக்கினார்கள். ஆறு ஆண்டுக் கடிகாரம் ஓடத் தொடங்குவதைத் தள்ளிப் போட்டால் ஒரு மலிவான ஆண்டு கூடுதலாகக் கிடைக்கும். டிக்கெட் வாங்கி வந்த ரசிகருக்கு அன்று அணியின் நல்ல ஆட்டக்காரரைக் காட்டாமல் வைத்திருந்தார்கள் என்றுதான் இதற்கு அர்த்தம். ரீபில்ட் மேல் எனக்குள்ள பெரிய புகார் இதுதான்.

இன்னொன்றையும் விட்டுவிட முடியாது. 2017-ல் ஆஸ்ட்ரோஸ் கேமரா வழியாக எதிரணியின் கேட்சர் பிட்சருக்குக் காட்டும் சைகைகளைத் திருடி, குப்பைத் தொட்டியைத் தட்டித் தங்கள் பேட்டருக்கு அடுத்த பந்து என்னவென்று சொன்னது 2019-ல் வெளியே வந்தது. லூனோவுக்கும், களத்தில் அணியை வழிநடத்திய மேனேஜர் ஏ. ஜே. ஹின்ச்சுக்கும் ஓராண்டுத் தடை, அன்றே இருவரையும் அணி நீக்கியது. 50 லட்சம் டாலர் அபராதத்தோடு 2020, 2021 டிராஃப்டின் முதல் இரண்டு சுற்றுத் தேர்வுகளும் பறிபோயின. அதனால் 'ஹூஸ்டன் வழி' என்று யாராவது புகழும்போது அந்தத் தொட்டிச் சத்தமும் கூடவே கேட்கும்.

அந்த வழியைப் பார்த்து வேறு அணிகளும் தோற்கத் தொடங்கின. ஆனால் தோற்பது தன்பாட்டில் எதையும் கட்டிவிடாது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 1993 முதல் 2012 வரை தொடர்ந்து இருபது ஆண்டு வெற்றியைவிடத் தோல்வி அதிகமாகவே வாங்கியது. டிராஃப்டில் நல்ல இடங்கள் வந்துகொண்டேதான் இருந்தன.

கடைசியில் லீக் விதியை மாற்றியது. 2023 டிராஃப்ட் முதல், பிளேஆஃப் போகாத அணிகளுக்குள் முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல். மிக மோசமான மூன்று அணிகளுக்கும் முதல் இடம் கிடைக்க ஒரே வாய்ப்பு, தலா 16.5 சதவீதம். 111 தோற்றாலும் 105 தோற்றாலும் ஒன்றுதான். வருமானம் அதிகமுள்ள பெரிய நகர அணிகள் அடுத்தடுத்து இரண்டு ஆண்டு அந்த ஆறு இடத்துக்குள் வரவும் முடியாது. 2024-ல் சிகாகோ வைட் சாக்ஸ் 121 ஆட்டம் தோற்று நவீனகாலச் சாதனை படைத்தது. முந்தைய டிராஃப்டில் ஐந்தாவது இடம் வாங்கியிருந்ததால் 2025-ல் அவர்களுக்குப் பத்தாவது இடம்தான். லீகிலேயே அதிகம் தோற்ற அணி, ஒன்பது அணிகள் தேர்ந்தெடுத்து முடிக்கும்வரை காத்திருந்தது.